வெளிக்காற்று முப்பது மில்லி

பத்துக்கு இரண்டு. அம்மாவாகி முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் எனக்கு மதிப்பெண் போட்டுவிட்டார்கள். என் கட்டிலின் கால்மாட்டில் ஒரு சிலேட்டு தொங்கியது. அதில் 'பற்றுதல்: 2/10' என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சிலேட்டைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள், அதன் பிறகு மரியாதைக்காகக் குழந்தையைப் பார்த்தார்கள்.

பற்றுதல் என்றால் குழந்தை மார்பை வாயால் சரியாகக் கவ்விப் பிடிப்பது. உலகத்தில் எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த வேலை என்று சொல்லித்தான் என்னை அனுப்பிவைத்திருந்தார்கள். என் மகள் கவ்வுவாள், இரண்டு முறை சப்புவாள், விட்டுவிடுவாள். பிறகு யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி முகம் சிவக்க அழுவாள். நான் அவள் தலையைத் திருப்பி மறுபடி வைப்பேன். மறுபடி அதே கதை. இரண்டாம் நாள் மாலைக்குள் என் மார்புக்காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. சிலேட்டில் இரண்டு அழிந்து ஒன்று ஆனது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பதினோரு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எனக்கென்று தனியாக இருக்கும் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, "கண்ணு எங்க இருக்கு? பின்னந்தலையிலயா?" என்று கத்துவதுதான் என் பிழைப்பு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பிரேக் மேடம். மூன்றாம் நாளும் கிளட்சை விடத் தெரியாமல் வண்டியைக் குதிரை மாதிரி குதிக்க வைத்தவர்களை நான் என்னென்ன பேசியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். அதில் பாதிப் பேர் அழுதிருக்கிறார்கள். அப்படிப்பட்டவள் வயிற்றில் தையலோடு, திறந்த மார்போடு, கால்மாட்டில் ஒன்று என்ற எண்ணோடு கிடந்தேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த மருத்துவமனை தாய்ப்பாலுக்குப் பெயர்போனது. வார்டின் வாசலுக்கு மேலே, எல்லாக் கட்டிலிலிருந்தும் தெரிகிற மாதிரி ஒரு பெரிய பலகை இருந்தது. 'இவ்வார்டில் புட்டிப்பால் நுழையாத நாட்கள்' என்று பச்சை எழுத்து. அதன் கீழே மூன்று கொக்கிகளில் மூன்று தகர எண்கள். நான் சேர்ந்த அன்று 993. தினமும் காலை எட்டு மணிக்கு வார்டு ஆயா ஸ்டூல் மேல் ஏறி எண்ணை மாற்றுவாள். எல்லாத் தாய்மார்களும் கை தட்ட வேண்டும். சிசேரியன் ஆனவர்கள் படுத்தபடியே தட்டலாம் என்று சலுகை இருந்தது. கையில் குளுக்கோஸ் ஊசி ஏறியிருப்பவர்கள் மற்றக் கையால் கட்டில் கம்பியைத் தட்ட வேண்டும்.

கைதட்டல் முடிந்ததும் உறுதிமொழி. "என் பால் என் பிள்ளைக்குப் போதும். போதாது என்பது என் மனதில்தான் இருக்கிறது." பெரிய சிஸ்டர் வரி வரியாகச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொன்னோம். பன்னிரண்டு தாய்மார்கள் சொன்னோம். பசியில் அழுத குழந்தைகளின் சத்தத்தில் உறுதிமொழி சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டாவது முறையும் சொல்ல வைத்தார்கள்.

பிறகு வகுப்பு. பெரிய சிஸ்டரிடம் கம்பளி நூலில் பின்னிய ஒரு மார்பும், துணியில் தைத்த ஒரு குழந்தையும் இருந்தன. சிஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும், கனத்த உடம்பு, மார்பில் 'பாலூட்டல் தலைமை ஊக்குநர்' என்ற பெரிய வட்ட பேட்ஜ். பொம்மையைக் கம்பளி மார்பின் பக்கம் கொண்டு போனதும் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா? எவ்வளவு சுலபம்! பொம்மைக்கே தெரியுது."

நாங்கள் எல்லாரும் அந்தப் பொம்மையைப் பொறாமையோடு பார்த்தோம். அதன் வாயிலும் கம்பளியிலும் காந்தம் வைத்துத் தைத்திருந்தது என்று பிறகு ஆயா சொல்லித்தான் தெரியும்.

"சிஸ்டர், எனக்கு ரொம்ப வலிக்குது" என்றேன்.

"வலிச்சா குழந்தை தப்பா பிடிக்குதுன்னு அர்த்தம்."

"அப்ப குழந்தைக்கு எப்படிச் சொல்லித்தர்றது?"

"குழந்தை தப்பா பிடிச்சா நீங்க தப்பா குடுக்கறீங்கன்னு அர்த்தம். நீங்க தப்பா குடுத்தா பதட்டமா இருக்கீங்கன்னு அர்த்தம். பதட்டமா இருந்தா பால் வராது. அதனால பதட்டப்படாதீங்க. இன்னிக்குச் சாயந்தரம் உங்களுக்கு மதிப்பீடு இருக்கு."

மாலை மதிப்பீட்டில் எனக்குப் பூஜ்யம் கிடைத்தது. பூஜ்யம் வாங்கியவர்கள் காரணப் படிவம் நிரப்ப வேண்டும். 'பாலூட்ட இயலாமைக்குக் காரணம்' என்று ஒரே ஒரு கேள்வி, மூன்று கட்டங்கள். மனஉறுதிக் குறைவு, ஆர்வக் குறைவு, இரண்டும். நான் படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"சிஸ்டர், வேற காரணம் எதுவும் இல்லையா?"

"போன வருஷம் 'மற்றவை'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. எல்லாரும் அதுலயே டிக் போட்டாங்க. எடுத்துட்டோம்."

நான் 'இரண்டும்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கையெழுத்துப் போடும்போது உண்மையிலேயே அப்படித்தானோ என்று தோன்றிவிட்டது. ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டால் மனசு அதை நம்ப ஆரம்பித்துவிடுகிறது.

பார்வையாளர் நேரத்தில் அம்மா வந்தாள். சிலேட்டைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திப் பேசுவதாக நினைத்துக்கொண்டு வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "உன்னப் பெத்தப்ப எனக்கு ஆறா ஓடுச்சுடி. பக்கத்துப் பெட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துக் குடுத்தேன். நீ யார மாதிரி இப்படி இருக்கே?" என்றாள்.

"அப்பா மாதிரியோ என்னமோ" என்றேன்.

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, அம்மா பார்த்ததும் சிரிப்பை அடக்கினார். அவர் நல்ல மனிதர். மருத்துவமனை கொடுத்த கையேட்டை மூன்று முறை படித்திருந்தார். "கணவர் தாயின் முதுகை வட்டமாகத் தடவ வேண்டும்னு போட்டிருக்கு" என்று வட்டம் வட்டமாகத் தடவினார். எந்தப் பக்கமாக வட்டம் போடுவது என்று கையேட்டில் இல்லாததால் பாதியில் நிறுத்தி யோசித்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என் கண்ணீரை அவர் பார்த்தால் அதற்கும் ஒரு பக்கம் திருப்புவாரே என்று பயம்.

நாலாவது நாள் மகள் அழுவதை நிறுத்தினாள்.

"பாத்தீங்களா, சமத்தாயிட்டா!" என்றாள் ஆயா. எனக்கு அது சமத்தாகத் தெரியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக் கத்துகிறவன் ஆபத்தில்லை, பேசாமல் வெறித்துப் பார்க்கிறவன்தான் எங்கேயாவது கொண்டு போய் இடிப்பான். அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள். உள்ளங்காலைச் சுண்டினாலும் முகத்தைச் சுளித்துவிட்டுத் தூங்கினாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. காலையிலிருந்து ஒரே ஒரு துணிதான் ஈரமாகியிருந்தது. பிறந்தபோது மூன்று கிலோ நூறு கிராம். எடைத் தட்டில் போட்டால் இரண்டு கிலோ எழுநூற்று முப்பது.

குழந்தை டாக்டர் வந்தார். இளைஞர், கண்ணுக்குக் கீழே கருவளையம். எடையைப் பார்த்தார், குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், அப்புறம் அண்ணாந்து பலகையைப் பார்த்தார். அதில் 996 தொங்கியது. ஒரு சீட்டை எடுத்து வேகமாக எழுதிக் கொடுத்துவிட்டு, என் கண்ணைப் பார்க்காமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சீட்டில் 'வெளிக்காற்று 30 மி.லி., மூன்று மணிக்கு ஒரு முறை' என்று இருந்தது.

நான் அதை மூன்று முறை படித்தேன். என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் கையேட்டின் பொருளடக்கத்தில் காற்றைத் தேடினார்.

"காத்த எப்படி மில்லில அளக்கறது?" என்றார்.

"என்னைக் கேட்டா? நான் என்ன பங்சர் கடையா வச்சிருக்கேன்?"

பெரிய சிஸ்டர் வந்து சீட்டை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. "குழந்தையைத் தூக்கிக்கிட்டு என் பின்னாடி வாங்க. மெதுவா வாங்க, தையல் இருக்கு" என்றார்.

வார்டின் பின்வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் வரைதான் வார்டு, அதாவது பலகையின் கணக்கு. அங்கே காவலர் ஒருவர் ஒரு பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். 'வெளிச்செல்லும் காரணம்' என்ற பத்தி முழுக்க, மேலிருந்து கீழ்வரை, காற்று, காற்று, காற்று என்று எழுதியிருந்தது. நானும் எழுதினேன். அளவு என்ற பத்தியில் முப்பது என்று போட்டேன். அவர் ஒரு டோக்கன் கொடுத்தார். எண் ஏழு.

கோட்டைத் தாண்டினால் சரக்கு லிப்டின் முன்னால் ஒரு குறுகலான இடம். ஜன்னல்கூட இல்லை, காற்று என்பது துளியும் கிடையாது. அங்கே ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு குழந்தை, கையில் ஒரு சின்னக் கிண்ணம். காலையில் என்னோடு கை தட்டியவர்கள்தான். ஒன்பது மதிப்பெண் வாங்கி எல்லாரையும் வாயைப் பிளக்க வைத்த மூலைக் கட்டில்காரியும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் குனிந்துகொண்டேன். ஆறு பேரோடு சேர்ந்து வெட்கப்பட்டால் வெட்கம் ஏழில் ஒன்றாகக் குறையும் என்று நினைப்பீர்கள். குறையவில்லை.

பெரிய சிஸ்டர் தன் பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அதுவரை நான் பார்த்த முகம் அதோடு போய்விட்டது. அலமாரியிலிருந்து லேபிளைக் கிழித்த ஒரு பால்மாவு டின்னை எடுத்தார். கொதித்து ஆறிய தண்ணீரை அளந்தார், மாவைக் கரண்டியால் வழித்துப் போட்டுக் கலக்கினார், தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தார்.

"முதல்ல மார்ல வைங்க. ரெண்டு நிமிஷம் சப்பினாலும் போதும். அப்புறம் இது. அதுக்கப்புறம் கையால பீச்சி எடுங்க, எவ்வளவு வருதோ அவ்வளவு. வரும், கொஞ்சம் லேட்டாகும். ஆபரேஷன் ஆனவங்களுக்கு லேட்டாகும்ங்க, அது உங்க தப்பில்ல."

"இத ஏன் சிஸ்டர் உள்ளயே சொல்லல?"

"உள்ள நான் தலைமை ஊக்குநர். இங்க நான் ரெண்டு பிள்ள பெத்தவ. எனக்கும் மூத்தவனுக்குச் சரியா வரல." குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் என் கையை எடுத்து வைத்துவிட்டார். "ஊத்தக்கூடாது. உதட்டுல விளிம்ப வைங்க, அவளே நக்கிக் குடிப்பா."

மகள் நக்கினாள். அப்புறம் கண்ணைத் திறந்தாள். அப்புறம் ஆவேசமாகக் குடிக்க ஆரம்பித்தாள். முப்பது மில்லியும் போனது. அவளுக்கு நாலு நாளாக இவ்வளவு பசி இருந்திருக்கிறது, நான் உறுதிமொழி சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்த இடத்திலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். மூலைக் கட்டில்காரி தன் புடவைத் தலைப்பை நீட்டினாள். துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் மகளின் எடை ஏறத் தொடங்கியது. ஆறாவது நாள் எனக்கும் பால் சுரந்தது. முதலில் ஒரு ஸ்பூன், பிறகு இரண்டு. பாதி வயிறு என்னால், பாதி வயிறு காற்றால் என்று அவள் தேறினாள். சிலேட்டில் நாலு வந்தது.

அப்போதுதான் இயக்குநர் வந்தார். வெள்ளைக் கோட்டு, மெல்லிய மீசை, கூடவே குறிப்பு எடுக்க ஒரு எழுத்தர். இரண்டு நாளில் ஆயிரமாவது நாள் விழா. பலகையில் மூன்று கொக்கிதான் இருந்தது, நாலாவது எண்ணை எங்கே மாட்டுவது என்று அன்றுதான் யாருக்கோ உறைத்திருக்கிறது. நாலாவது கொக்கிக்காகத் தச்சர் துளை போடும் சத்தத்தில் குழந்தைகள் எல்லாம் வீரிட்டன. இயக்குநர் அந்தச் சத்தத்துக்கு நடுவே காவலரின் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தார்.

"நீங்கதானா அது? மூணு மணிக்கு ஒரு தடவ தவறாம வெளிக்காத்து! ரெண்டு நாள்ல நூத்தி நாப்பது கிராம்!"

"சார்..."

"எனக்கு முன்னாடியே சந்தேகம் இருந்துச்சு. மூணு வருஷப் பதிவேட்ட எடுத்துப் பாத்தேன். எந்தக் குழந்த அதிகமா காத்து வாங்கியிருக்கோ அந்தக் குழந்ததான் அதிகமா எடை ஏறியிருக்கு. மில்லிக் கணக்குல நிரூபிச்சிருக்கோம். கட்டுரை எழுதிட்டேன். மாநாட்டுல படிக்கப்போறேன்."

எழுத்தர் கட்டுரையின் தலைப்பைப் படித்துக் காட்டினார். 'வெளிக்காற்றும் சிசுவின் எடையும்: ஒரு முன்னோடி ஆய்வு.' நான் பெரிய சிஸ்டரைப் பார்த்தேன். சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். இயக்குநருக்கு உண்மை தெரியுமா, தெரியாத மாதிரி இருந்தாரா, இல்லை தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் அவர் பதவியா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"சரக்கு லிப்ட் பக்கம் இனிமே ரெண்டு பெரிய மின்விசிறி போடப்போறோம்" என்றார். "நாளன்னிக்கு மேடையில நீங்கதான் பேசறீங்க. ஆயிரமாவது நாள் தாய்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷமாக ஊரையே வாயால் அடக்குகிறவள், ஒரு மாட்டேன் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பாலில்லை என்று ஊருக்கே தெரியும். அந்த பயம்தான். அதற்கு மேல் நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

விழா வார்டுக்குள்ளேயே நடந்தது. கட்டில்களை ஓரமாகத் தள்ளி நடுவில் ஒரு மேடை போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து பிரமுகர்கள் வந்து, எங்கள் திறந்த மார்புகளைப் பார்க்காமல் இருக்கும் பொருட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆயா ஸ்டூலில் ஏறி ஒன்றையும் மூன்று பூஜ்யங்களையும் மாட்டினாள். எல்லாரும் தட்டினோம். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"தாய்மார்களே! நம்ம கஷ்டம் இவருக்கு எங்க தெரியப்போகுதுன்னு நீங்க நினைக்கலாம். தெரியும். நானும் ஒரு தாய் பெத்த பிள்ளதான். ஒரு குழந்த பசியா இருந்தா அது ஒரு வீட்டோட கஷ்டம். அந்தப் பலகை பூஜ்யமாச்சுன்னா அது ஒரு நிறுவனத்தோட கஷ்டம். எது பெருசுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. இந்த ஆயிரம் நாள்ல ஒரு தாய்கூட எனக்குப் பால் போதலன்னு எங்ககிட்ட எழுதிக் குடுத்ததில்ல. ஏன்னா நாங்க அதுக்குப் படிவமே வைக்கல. நம்பிக்கைன்னா இதுதான்!"

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். தையலைப் பிடித்துக்கொண்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். என் வீட்டுக்காரர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள், பெருமையில். எதிர்க் கட்டிலில் புதிதாக வந்த பெண் கழுத்தை நீட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். இருபது இருபத்தோரு வயது இருக்கும். மகன் பிறந்து மூன்றாவது நாள். அவள் சிலேட்டில் ஒன்று.

"மனச உறுதியா வச்சிருந்தேன்" என்றேன் மைக்கில். "பொறுமையா இருந்தேன். பால் தானா வந்துச்சு. எல்லாருக்கும் வரும்."

என் குரல் பெரிதாக, நிதானமாக, வார்டின் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. சாலையில் தப்பே செய்யாத ஆள் பேசுவதுபோல இருந்தது. கேட்கக் கூசியது.

விழா முடிந்து பிரமுகர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கட்டிலில் வந்து உட்கார்ந்தேன். எதிர்க் கட்டில் பெண் குழந்தையோடு மெல்ல மெல்ல நடந்து வந்தாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் மஞ்சள்.

"அக்கா, ரொம்ப நல்லா பேசினீங்க. காலையில டாக்டர் எனக்கும் காத்துன்னு எழுதிக் குடுத்தாரு. அது என்னன்னு சிஸ்டர் காதுல சொன்னாங்க. பதினோரு மணி டோக்கன்கூட வாங்கி வச்சிருந்தேன்."

"போயிட்டு வந்தியா?"

"இல்லக்கா. நீங்க பேசினதக் கேட்டதும் எனக்கே வெக்கமா போச்சு. டோக்கனத் திருப்பிக் குடுத்துட்டேன். நானும் மனச உறுதியா வச்சுக்கறேன்."

அவள் கையைப் பிடித்தேன்.

"இங்க பாரு. நான் சொன்னது பொய். எனக்கு ஆறு நாள் வரல. இப்பவும் பாதிதான் வருது. மீதி அங்க போய்க் கிண்ணத்துல குடுத்துட்டுத்தான் வரேன். நீ உடனே போ."

அவள் என்னைப் பார்த்தாள். மெதுவாகச் சிரித்தாள். கண் நிறைந்துவிட்டது.

"என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றீங்க. எவ்வளவு நல்ல மனசுக்கா உங்களுக்கு."

"ஐயோ, இல்லம்மா, நிஜமாத்தான்..."

"பரவாயில்லக்கா. நான் தாங்கிக்குவேன்" என்று சொல்லிவிட்டுத் தன் கட்டிலுக்குத் திரும்பிவிட்டாள். மார்பைத் திறந்து, தூங்குகிற அந்தக் குழந்தையின் வாயில் வைத்து வைத்துப் பார்த்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் உதடு அசைந்தது. உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் எவ்வளவோ பேரை வாய் கூசாமல் திட்டியிருக்கிறேன். அவர்கள் அழுதுவிட்டுத் துடைத்துக்கொண்டு வண்டி ஓட்டிப் போய்விட்டார்கள். ஒரு நல்ல வார்த்தை சொல்லி ஒரு குழந்தையைப் பட்டினி போட்டது இதுதான் முதல் தடவை.

மகளை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பின்வாசல் கோட்டைத் தாண்டிப் போனேன். பாலை நானே அளந்து கலந்தேன். கிண்ணத்தை மூடாமல் அப்படியே ஏந்திக்கொண்டு திரும்பி வந்தேன். காவலர் பதறி எழுந்தார்.

"மேடம், மேடம்! காத்த உள்ள கொண்டு வரக்கூடாது!"

"பதிவேட்டுல எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வார்டில் பேச்சு ஒவ்வொரு பக்கமாக அடங்கியது. எதிர்க் கட்டில் பெண்ணுக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மகளை வாங்கினேன். முதலில் மார்பில் வைத்தேன். அத்தனை பிரமுகர்களும் கூரையைப் பார்க்க மறந்துவிட்டார்கள். அவள் கொஞ்ச நேரம் சப்பினாள், விட்டுவிட்டு அழுதாள். கிண்ணத்தை எடுத்தேன். கிண்ணம் சாய்ந்து பாதி என் மடியில் கொட்டியது. என் முகம் பற்றி எரிந்தது. அம்மா தன் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துணிந்து செய்தால் வெட்கம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் கிண்ணத்தை அவள் உதட்டிலிருந்து எடுக்கவில்லை.

இயக்குநர் கையில் பிஸ்கட்டோடு வந்தார். "அது என்ன?"

"பால் சார்."

"யாரோடது?"

"டின்னோடது சார்."

அவர் பலகையைப் பார்த்தார், பிரமுகர்களைப் பார்த்தார், எழுத்தரைப் பார்த்தார். "இது... இது ஒரு நாடகம். புட்டிப்பாலோட தீமைய விளக்கற நாடகம்" என்றார். இரண்டு பிரமுகர்கள் கை தட்டினார்கள். "சிஸ்டர், அந்தக் கிண்ணத்த வாங்குங்க."

பெரிய சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். என் கையையும் கிண்ணத்தையும் பார்த்தார். குனிந்து, மகளின் தலையைத் தாங்கியிருந்த என் முழங்கையைக் கொஞ்சம் உயர்த்திவிட்டார். "இப்படிப் பிடிச்சா சிந்தாது" என்றார். பிறகு பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பின்வாசல் பக்கம் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் இன்னொரு கிண்ணம் இருந்தது. அதை எதிர்க் கட்டிலின் ஓரத்தில் வைத்தார்.

அந்தப் பெண் கிண்ணத்தைத் தொடவில்லை. என்னைப் பார்த்தாள், என் ஈரமான மடியைப் பார்த்தாள், நக்கி நக்கிக் குடிக்கிற என் மகளைப் பார்த்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. என்னை நம்பிவிட்டாள், அதனால் என் மேல் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபம் முகத்தில் அப்படியே தெரிந்தது. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

கட்டில் கிறீச்சிட்டது. குழந்தையையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"தலைய எவ்வளவு தூக்கிப் பிடிக்கணும்?" என்று கேட்டாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

நான் நாற்காலியின் ஓரத்துக்கு நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.